பட்டிக்கு வந்த பத்தியச் சாப்பாடு

பத்தியம் என்பது நமக்குப் புதிதல்ல. மஞ்சள் காமாலை வந்தால் எண்ணெய், நெய் ஆகாது. பிள்ளை பெற்றவளுக்குத் தனிக் குழம்பு. நாட்டு மருந்து சாப்பிட்டால் புளியும் காரமும் கூடாது. மருந்து பாதி, பத்தியம் பாதி என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நாய்க்குப் பத்தியம் என்றால் நம் வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

நாம் சிறுவர்களாக இருந்த காலத்தில் நாய்க்கு மிச்சச் சோறு, மேலே கொஞ்சம் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை எலும்பு. அவ்வளவுதான். எட்டு, ஒன்பது வயதானதும் அது இளைக்கும். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பிறகு ஒரு நாள் மாட்டுக் கொட்டகை மூலையில் சுருண்டு படுத்துவிடும். "வயசாயிடுச்சு" என்பார்கள். அவற்றில் எத்தனைக்குச் சிறுநீரகம் கெட்டிருந்ததோ, யார் பார்த்தார்கள்?

இன்று நாய்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை இருக்கின்றன. எங்கள் தெருவிலேயே கிழட்டு நாய்கள் மூன்று உண்டு. ரத்தப் பரிசோதனை செய்து, "கிட்னி கொஞ்சம் வீக்" என்று சொல்லி, அதற்கென்றே விற்கும் தனி உணவை டாக்டர் எழுதித் தருகிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்கி வந்து வைத்தால் நாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது, யார் கண்டுபிடித்தது, நாய் ஏன் அதை மறுக்கிறது என்று தேடிப் படித்தேன். அதில் ஒரு நல்ல கதையும் இருந்தது.

நாயிடம் கற்ற பாடம்

சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது என்பதை மனிதன் கற்றுக்கொண்டதே பெருமளவு நாய்களிடமிருந்துதான். யூரியா என்ற பொருள் சிறுநீரில் இருப்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். அது சிறுநீரகத்தில்தான் உண்டாகிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். 1821-இல் ஜெனீவாவில் பிரெவோ, டூமா என்ற இருவர் விலங்குகளின் சிறுநீரகங்களை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் நாய்களும் இருந்தன. சிறுநீரகமே இல்லாத உடம்பின் ரத்தத்தில் யூரியா ஏறிக்கொண்டே போயிற்று. ஆக, அது வேறெங்கோ உண்டாகிறது, சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளுகிறது என்று தெரிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1827-இல், லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் மனிதர்களின் சிறுநீரக நோயைப் பற்றி எழுதினார். நம் காலத்தில்கூட "பிரைட்ஸ் டிசீஸ்" என்று பழைய டாக்டர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இன்று நம் வயதில் பலருக்குப் பழகிவிட்ட டயாலிசிஸும் நாயிடமிருந்தே தொடங்கியது. 1913-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஏபலும் அவருடைய கூட்டாளிகளும் நாயின் ரத்தத்தை மெல்லிய குழாய்கள் வழியாக வெளியே ஓடவிட்டு, கழிவை வடித்து, மீண்டும் உடம்புக்குள் அனுப்பினார்கள். வழியில் ரத்தம் உறையாமல் இருக்க அவர்கள் பயன்படுத்தியது அட்டைப் பூச்சியிலிருந்து எடுத்த சாற்றை! அதன் பிறகு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான், போர்க்காலத்து ஹாலந்தில், வில்லெம் கோல்ஃப் மனிதருக்கு டயாலிசிஸ் செய்தார். இன்று சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில், நாய்களுக்கே டயாலிசிஸ் செய்கிறார்கள். கடன் ஒருவாறு திரும்பிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

பட்டி என்றொரு நாய்

மலையாளத்தில் நாய்க்கே "பட்டி" என்றுதான் பெயர். நான் சொல்லும் பட்டி அதுவல்ல. ஆங்கிலத்தில் "தோழன்" என்று பொருள்படும் சொல். அமெரிக்காவின் நாஷ்வில் ஊரில் மாரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞர் இருந்தார். ஆறு வயதில் ஒரு விபத்தில் ஒரு கண் போயிற்று. பதினாறு வயதில் குத்துச்சண்டையில் மற்றக் கண்ணும் போயிற்று. 1927 நவம்பரில் "சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்" இதழில் டாரதி யூஸ்டிஸ் என்ற அம்மையார் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். முதல் உலகப் போரில் கண் இழந்த ஜெர்மானியச் சிப்பாய்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்குவதைப் பற்றியது அது. ஃபிராங்கின் தந்தை அதை மகனுக்குப் படித்துக் காட்டினார். மகன் அந்த அம்மையாருக்குக் கடிதம் போட்டார்.

அந்த அம்மையார் ஸ்விட்சர்லாந்தில் அல்சேஷன் நாய்களை வளர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தார். 1928-இல் ஃபிராங்க் அங்கே போய், ஒரு பெண் நாயோடு திரும்பி வந்தார். அவர் அதற்கு வைத்த பெயர்தான் பட்டி. நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் சீறிப் பாயும் சாலையை நாயின் துணையோடு அவர் கடந்தார். "வெற்றி" என்று ஒரே ஒரு சொல்லை அந்த அம்மையாருக்குத் தந்தி அடித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் "சீயிங் ஐ" என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. அது இன்றும் நியூ ஜெர்சியில் நடக்கிறது.

முதல் பட்டி 1938-இல் இறந்தது. ஃபிராங்க் தன் அடுத்த நாய்களுக்கும் அதே பெயரையே வைத்தார். 1939-இல் அவருடைய பட்டிக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. சாதாரண வீட்டு நாய்க்கு வந்தால் அது ஒரு வருத்தம். இவருக்கோ அது கண் போவது போல. ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த மனிதர். நியூ ஜெர்சியில் மார்க் மாரிஸ் என்ற கால்நடை மருத்துவரிடம் நாயைக் கொண்டு போனார்.

குதிரையும் மாடும்தான் கால்நடை வைத்தியம் என்றிருந்த காலத்தில் நாய், பூனைக்கென்றே மருத்துவமனை நடத்தியவர் மாரிஸ். சிறுநீரகத்துக்கு மருந்து கொடுத்துச் சரிசெய்ய முடியாது, ஆனால் அதன் வேலையைக் குறைக்கலாம் என்பது அவர் எண்ணம். இறைச்சியும் பிற புரதமும் உடம்பில் செரித்த பின் மிஞ்சும் கழிவுதான் யூரியா. புரதத்தை அளவாக, ஆனால் உயர்ந்த தரத்தில் கொடுத்து, உப்பையும் குறைத்தால், பழுதான சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். நம்மூர் வைத்தியர் "புளியைக் குறை, உப்பைக் குறை" என்று சொல்வதற்குப் பக்கத்து வீட்டுக் கணக்குத்தான்.

அந்தச் சாப்பாட்டை மாரிஸும் அவர் மனைவி லூயிஸும் தங்கள் வீட்டு அடுப்படியிலேயே தயாரித்தார்கள். பட்டி தேறியது. ஆனால் ஃபிராங்க் ஓரிடத்தில் இருப்பவரா? கண்ணாடி ஜாடிகளில் அடைத்துத் தபாலில் அனுப்பினால் வழியில் உடைந்தன. எனவே தகர டப்பாவில் அடைக்கத் தொடங்கினார்கள். மற்ற மருத்துவர்களும் கேட்கவே, வீட்டு அடுப்படி போதவில்லை. 1948-இல் கான்சாஸ் மாநிலத்து டொபீகா ஊரில் இருந்த ஹில் பேக்கிங் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. இன்று டாக்டர்கள் எழுதித் தரும் சிறுநீரக உணவுகளுக்கெல்லாம் மூத்தது அதுதான். ஒரு கூடுதல் செய்தி: அந்தக் கம்பெனி 1976-இல் கோல்கேட் கைக்குப் போயிற்று. நாம் பல் துலக்கும் அதே கோல்கேட்தான்.

தனக்கு வந்த பங்குத் தொகையைக் கொண்டு மாரிஸ் 1948-இல் விலங்கு நோய் ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதற்கு அவர் முதலில் வைத்த பெயர், பட்டி அறக்கட்டளை.

உண்மையிலேயே பலன் உண்டா?

ஒரு நாய் தேறியதை வைத்து எல்லா நாய்க்கும் என்று சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு நல்ல விடை வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் ஒரு முக்கியமான திருத்தமும் நடந்தது. புரதம்தான் முதல் எதிரி என்று முதலில் நினைத்தார்கள். பிறகு நடந்த ஆராய்ச்சிகளில், பாஸ்பரஸ் அதைவிடப் பெரிய ஆள் என்று தெரிந்தது. பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸை வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் தேங்கினால், மிச்சம் இருக்கும் சிறுநீரகமும் வேகமாகக் கெடும், எலும்பும் கரையும். 1990-களில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், பாஸ்பரஸைக் குறைத்த நாய்கள் நீண்ட காலம் இருந்தன என்று காட்டினார்கள். மீன் எண்ணெயும் உதவுகிறது என்பதை அங்கேதான் கண்டார்கள்.

2002-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாக்காரர்கள் நேரடியாகவே ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இயற்கையாகவே சிறுநீரகம் கெட்ட 38 வீட்டு நாய்கள். ஒரு பாதிக்குச் சிறுநீரக உணவு, மறு பாதிக்குச் சாதாரண உணவு. இரண்டு ஆண்டு வரை பார்த்தார்கள். பத்திய உணவு சாப்பிட்டவற்றுக்கு ரத்தத்தில் விஷம் ஏறும் நெருக்கடி தள்ளிப்போயிற்று. அவை அதிக நாள் உயிரோடும் இருந்தன. ஆக, டாக்டர் எழுதித் தருவது வெறும் வியாபாரம் அல்ல.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயதாகிவிட்டது என்பதற்காகவே ஆரோக்கியமான நாய்க்குப் புரதத்தைக் குறைக்கத் தேவையில்லை. பரிசோதனையில் கோளாறு தெரிந்து, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் பத்தியம். இப்போது உலகம் முழுவதும் நாய்களின் சிறுநீரக நோயை நான்கு கட்டமாகப் பிரிக்கிறார்கள். கிரியேட்டினின் 5-க்கு மேல் போனால் நான்காம் கட்டம்.

நாய் ஏன் மறுக்கிறது?

எங்கள் வீட்டில் கறுப்பன் என்றொரு நாட்டு நாய் இருந்தான். பதின்மூன்று வயதில் கிரியேட்டினின் 3.4 வந்தது. மூன்றாம் கட்டம். சாப்பாட்டு விஷயத்தில் அவன் முன்பே சீமான். கறிக்குழம்பு வாசம் வந்தால்தான் தட்டுப் பக்கம் வருவான். பத்திய உணவை வைத்தால், தட்டை மூக்கால் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். "என்னங்க, இந்த வயசுல அது வாயக் கட்டி என்ன சாதிக்கப் போறீங்க? ஆசைப்பட்டதப் போடுங்க" என்பாள் என் மனைவி. எனக்கே டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்த சமயம் அது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழியின் அருமை நாய்க்கும் எனக்கும் ஒன்றாகவே புரிந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "சார், அது அடம் இல்ல. குமட்டல். யூரியா ஏறினா வயித்தப் புரட்டும். குமட்டுற நேரத்துல எந்தச் சாப்பாட்ட வச்சீங்களோ, அந்தச் சாப்பாடுதான் இதுக்குக் காரணம்னு அதோட மனசுல பதிஞ்சிடும். அப்புறம் உடம்பு தேறினாலும் அதத் தொடாது."

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1955-இல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே உடம்புக்கு நோவு தரும் கதிர்வீச்சையும் கொடுத்தார். பிறகு அந்த எலிகள் இனிப்புத் தண்ணீரைத் தொடவே இல்லை. ஒரே அனுபவம் போதுமானதாக இருந்தது. சின்ன வயதில் காய்ச்சலோடு சாப்பிட்ட ஏதோ ஒன்று அறுபது வயதிலும் நமக்குப் பிடிக்காமல் இருக்கிறதே, அதே கதைதான். எனவே, நாய் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது புதுச் சாப்பாட்டை நீட்டக் கூடாது. முதலில் குமட்டலை நிறுத்த வேண்டும். அதற்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. பசியைத் தூண்டும் மருந்தும் வந்திருக்கிறது. டாக்டரைக் கேட்கலாம்.

குமட்டல் அடங்கிய பிறகு நாங்கள் செய்தது இதுதான். பழைய சாப்பாட்டில் ஒரு கரண்டி புதியது. மூன்று நாள் கழித்து இரண்டு கரண்டி. முழுவதுமாக மாற்ற மூன்று வாரம் ஆயிற்று. வெந்நீர் தெளித்து, கை பொறுக்கும் சூட்டில் வைத்தோம். சூட்டில் வாசம் எழும். வயதான நாய்க்கு மூக்குதான் நாக்கு. ஒரே தட்டை இரண்டு வேளைக்கு வைக்காமல், நாலு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தோம். தொடாததை அரை மணியில் எடுத்துவிடுவோம். மாத்திரையை மட்டும் சாப்பாட்டில் கலக்கவே இல்லை. கசப்பு ஒருமுறை தெரிந்துவிட்டால் அந்தச் சாப்பாடும் போய்விடும்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நாய் எதையுமே சாப்பிடாமல் கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். அப்போதும் யூரியா ஏறும். எனவே நாய் தொடாத சரியான சாப்பாட்டைவிட, அது சாப்பிடுகிற சுமாரான சாப்பாடு மேல். என் மனைவி சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. கறுப்பன் அதன் பிறகு பதினான்கு மாதம் இருந்தான். கடைசி இரண்டு வாரம் பத்திய உணவை நிறுத்திவிட்டு, அவன் கேட்டதைக் கொடுத்தோம். அது டாக்டரும் சம்மதித்த முடிவு.

வீட்டுச் சமையல்

கடை உணவு கட்டுப்படியாகாதவர்கள் வீட்டிலேயே சமைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம் அரிசிச் சோறு இதற்கு நல்ல அடித்தளம். அதில் பாஸ்பரஸ் குறைவு. முட்டையின் வெள்ளைக்கருவில் உயர்ந்த புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. மஞ்சள் கருவில் அது அதிகம். எலும்பு, எலும்புச் சூப்பு, ஈரல், கருவாடு ஆகாது. ஆனால் வெறும் சோறும் வெள்ளைக்கருவும் முழுச் சாப்பாடு ஆகிவிடாது. 2012-இல் அமெரிக்காவில் சிறுநீரக நோய் உள்ள நாய், பூனைகளுக்கென்று புத்தகங்களிலும் மற்ற இடங்களிலும் வந்த 67 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாச் சத்தும் சரியாக இருந்தது ஒன்றில்கூட இல்லை. ஆகவே டாக்டரிடம் அளவு எழுதி வாங்கி, அவர் சொல்லும் கால்சியம், வைட்டமின் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

குழம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரியவந்தது. காரணம் மட்டும் புரியாமல் இருந்தது. அதில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மருத்துவர்கள் சொன்னார்கள். 2022-இல் வந்த ஒரு கட்டுரையில், புளி தின்ற நாய்களுக்கும் அதே போலச் சிறுநீரகம் பழுதானதை எழுதியிருக்கிறார்கள். நம் புளியில் அந்த அமிலம் நிறைய உண்டு. சாம்பார் சாதமும் புளியோதரையும் தின்று நன்றாக இருந்த நாய்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனாலும் ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் உள்ள நாய்க்குப் புளி சேர்ந்த எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது. அதே போல, மூட்டு வலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையை நொண்டும் நாய்க்குப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் கூடவே கூடாது.

கடை உணவிலும் எல்லாம் சரி என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2007-இல் வட அமெரிக்காவில் பல பெயர்களில் விற்ற நாய், பூனை உணவுகளில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்திருந்தது தெரிந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் அது இருந்தது. புரத அளவைக் கூட்டிக் காட்டச் செய்த கலப்படம். அதைச் சாப்பிட்ட பிராணிகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. அடுத்த ஆண்டு சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரிலும் அதே மெலமைன் வந்தது.

கடைசியாக ஒன்று. சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கவும், அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் தொடங்கும். கிரியேட்டினின் ஏறுவதற்கு முக்கால் பங்கு போக வேண்டும். எனவே ஏழு வயது தாண்டிய நாய் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிடுங்கள். பாஸ்பரஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குடிதண்ணீர்ப் பாத்திரத்தை எப்போதும் நிரப்பி வையுங்கள். "நிறையக் குடிக்குது, ராத்திரி ஈரம் பண்ணுது" என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். அந்தத் தண்ணீர்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.